மத்திக் குஞ்சுகளை நாம் வேண்டாமென்ற வருடம்

மதினி,

இன்று காலை ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் கடல் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே மத்தி. விரல் நீள மத்தி அல்ல. ஒரு சாண் இருக்கும், கொழுத்த முதுகு, பளபளக்கும் வயிறு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ இல்லை என்பதையே மறந்து, "இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு வண்டிப்பெரியார் சந்தையில் சேர்ந்து மீன்கடை போட்டவர்கள் நாம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவள் நீ. ஒரே வயது என்பதால் நமக்குள் நீ, நான்தான். அத்தனை வருடம் கடல் மீன் விற்றும் இருவரும் கடலைப் பார்த்ததில்லை. பெட்டியில் வரும் மத்தி சுருங்கிக்கொண்டே போன சமயம், ஒருநாள் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இது மீனில்லட்டி, பிள்ளைக. இதயும் வாரிட்டா அடுத்த வருசம் எத விக்க?" பிடிக்கிற இடத்தையே போய்ப் பார்ப்போம் என்று மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

ஆலப்புழைக் கரையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலைக்குள் ஓடினாயே! ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கும் சிரித்தாய். பிறகுதான் பார்த்தோம், குஞ்சு மத்தியை மண்வெட்டியால் அள்ளி லாரியில் கொட்டுவதை. கோழித் தீவனத்துக்காம்.

பக்கத்தில் கரையேற்றியிருந்த வள்ளத்தின் வலையில் ஒரு கடலாமை சிக்கிக் கிடந்தது. கழுத்தில் நூல் இறுகியிருந்தது. துடுப்பு போன்ற கால் ஒன்று மட்டும் லேசாக அசைந்தது. நீ வலைக்காரரிடம் கத்தி கேட்டாய். அறுத்தால் யார் தைப்பது என்று அவர் மலையாளத்தில் கடிந்துகொண்டார். கடலில் மீனே இல்லை, கிடைத்த குஞ்சை நான் விட்டால் அடுத்த வள்ளம் அள்ளிவிடும், என் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா என்றும் கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நீ வாதாடவில்லை. மணலில் உட்கார்ந்து, "நான் தச்சுத் தாரேன் சேட்டா" என்றாய்.

அவர் உன்னையே பார்த்தார். பிறகு குனிந்து தானே நாலைந்து கண்ணிகளை அறுத்தார். மூவருமாக ஆமையைத் தண்ணீருக்குத் தள்ளினோம். ஓர் அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டது. கொஞ்ச தூரம் போய்த் தலையை நீட்டி மூச்சு விட்டது. நீ கைதட்டினாய், அவரும் சிரித்துவிட்டார். சொன்னபடியே பொழுது சாயும்வரை இருந்து வலையைத் தைத்தாய், கோணல்மாணலாக.

ஊர் திரும்பியதும் குஞ்சு மீன் வேண்டாம் என்று நமக்கு மீன் போடும் வியாபாரியிடம் சொன்னோம். அப்படியானால் எந்த மீனும் கிடையாது என்று அவர் பெட்டியையே நிறுத்திவிட்டார். வாரக்கணக்கில் கருவாட்டையும் அணை மீனையும் விற்று ஒப்பேற்றினோம். பணிந்துபோகலாம் என்று நான் அழுதேன். நீயோ சந்தையின் மற்ற இரண்டு மீன்கடைக்காரர்களிடமும் தினமும் போய்ப் பேசினாய். மூன்று கடையும் ஒன்றாகச் சொன்ன பிறகுதான் வியாபாரி வழிக்கு வந்தார். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்றைய மத்தியை அனுப்பியது யார் தெரியுமா? அன்று நம் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்ட அந்த வலைக்காரர்தான்! அவர்கள் கரையில் கூடிப் பேசி, குஞ்சு மீனைப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்களாம். எல்லாக் கரையும் அப்படி இல்லை என்றும் போனில் சொன்னார்.

அது உண்மைதான். மதியத்துக்குள் ஒரு புது வண்டி வந்தது, பெட்டி நிறைய நெய்மீன் குஞ்சு, பாதி விலைக்கு. சந்தையே கூடிவிட்டது. கங்காணி முதல் கட்டிய புருஷன்வரை யாரையும் மறுத்துப் பேசியறியாதவள் நான், உனக்குத் தெரியும். "எங்களுக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால், சத்தமாக. வண்டிக்காரன் வேறு ஊரில் விற்றுவிடுவான், தெரியும். ஆனாலும் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து என்னருகில் நின்றார். எதிர்க்கடைக்காரரும் வந்தார்.

வண்டி திரும்பிப் போயிற்று. நான் தராசை எடுத்து உன் மத்தியை நிறுக்கத் தொடங்கினேன், மதினி.