வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்ட வியாழக்கிழமை

என்னங்க,

இதற்குப் பதில் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. பதினோரு வருஷமாக இந்தச் சொல்லுக்குத்தான் அடுத்த அறையிலிருந்து "இன்னா?" என்று குரல் கொடுப்பீர்கள். இப்போதும் வாய் தானாகக் கூப்பிட்டுவிடுகிறது.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பொறாமை பிடித்தவள் என்று சொல்லட்டும். ஆமாம், பொறாமை பிடித்தவள்தான்; உங்களுக்குத் தெரியாததா? ஷீலா என்று இங்கே எழுதப்போவது மாற்றுப் பெயர். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியும். எனக்கும் மறக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வெயிலில் நின்றபோதுதான் உங்கள் கண்ணில் மஞ்சளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மஞ்சக்காமாலைக்கி இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? மூணு வேள எல மருந்து குட்ச்சா பூடும்" என்றீர்கள். சர்ச்சிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மறுநாளே பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், வெறும் வயிற்றில் பச்சிலை அரைத்துக் கொடுக்கிற ஒருவரிடம் போனோம். உப்பு, எண்ணெய், இங்கிலீஷ் மருந்து எதுவும் கூடாது என்றார். எல்லாவற்றையும் தள்ளி வைத்தோம். உப்பில்லாத மோர்ச்சோற்றை நீங்கள் முகம் சுளித்துக்கொண்டே சாப்பிட்டீர்கள்.

வியாழக்கிழமை சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். ட்ரெயின் பாஸ் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "ஷீலா, பைய எட்துக்கோ, அம்பத்தூர் வந்துட்ச்சு" என்றீர்கள்.

எனக்கு எரிந்தது பாருங்கள்! ஷீலா உங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவள். பட்டாபிராமில் நீங்கள் ஏறுகிற அதே ட்ரெயினில் ஆவடியில் ஏறுகிறவள். அவளை வைத்து நமக்குள் ஏற்கெனவே இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. ஓஹோ, உடம்பு முடியாதபோது வாயில் வருகிற பெயர் இதுதானா என்று தம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போனேன். அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை. நீங்கள் தூங்கிக்கொண்டே இருந்தீர்கள். மாட்டிக்கொண்டதால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று நினைத்து, எழுப்பாமலே விட்டேன்.

வெள்ளி காலை தலையணையெல்லாம் ரத்தம். ஈறிலிருந்து வந்திருக்கிறது. எழுப்பினால் எழவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"எப்பலேர்ந்தும்மா சம்பந்தமில்லாம பேசறாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நேத்து காலைலேர்ந்து."

"நேத்தே ஏன் கூட்டிட்டு வரல?"

என்ன சொல்வேன்? கோபித்துக்கொண்டிருந்தேன் என்றா?

ஹெபடைடிஸ் பி என்ற கிருமியாம். கல்லீரல் நின்றுபோனால் அது வடிகட்ட வேண்டிய நஞ்செல்லாம் மூளைக்கு ஏறுமாம். உளறல், ஓயாத தூக்கம், ஆளை மாற்றிப் பெயர் சொல்வது எல்லாம் அதனால்தானாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார். கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். மாற்றுக் கல்லீரலுக்கு ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கவில்லை. ஞாயிறு மாலை நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்தக் கிருமி தொற்றிய பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடுமாம். அத்தனை பேர்மேலும் எனக்கு வயிறெரிகிறது. இலை மருந்தில் பிழைத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. எதையும் குடிக்காமலே நீங்கள் பிழைத்திருப்பீர்கள் ஐயா, என் வீட்டுக்காரருக்கு ஏன் வழி சொன்னீர்கள்?

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ரத்தத்தில் பரவும், ஊசியில் பரவும், சவர பிளேடில் பரவும், உறவில் பரவும். "வீட்ல இருக்கறவங்க மட்டுமில்ல, அவரோட நெருக்கமா இருந்தவங்க யாரா இருந்தாலும் டெஸ்ட் எடுக்கணும், தடுப்பூசி போட்டுக்கணும்." எனக்குக் கிருமி இல்லை, அன்றே ஊசி போட்டார்கள். நம் பெண்ணுக்குப் பிறந்தபோதே தொடங்கி எல்லாம் போட்டாயிற்று. அந்த 'யாரா இருந்தாலும்' என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒரே பெயர்தான்.

ஆறு மாதமாக ஷீலாவிடம் சொல்லவில்லைங்க. சொன்னால், உங்களுக்கும் அவளுக்கும் ஏதோ இருந்தது என்று நானே ஒத்துக்கொண்டதாகாதா? வந்தால் வரட்டும், அனுபவிக்கட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். போன வாரம் என் மூன்றாவது ஊசிக்குத் தேதி வந்தது. என்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. ஆவடி ஸ்டேஷனில் போய் நின்றேன்.

"அவருக்கு வந்தது தொத்துற காமாலை. நீயும் ரத்தம் டெஸ்ட் எடுத்துடு" என்றேன்.

எனக்கு எதற்கு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கோபப்பட்டுக் கத்தியிருக்க வேண்டும். அதற்காகவே நின்றேன். அவள் கேட்டதெல்லாம், "எங்கக்கா போவணும்?"

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவளே பேசினாள். "மிஷின்ல அவருக்குக் கை கிழிஞ்சுதேக்கா, நான்தான் கட்டு போட்டேன். என் கையெல்லாம் ரத்தம்." இருக்கலாம். அந்தக் காயம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கட்டுப் போட்டது செக்யூரிட்டி என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

அவளுக்குக் கிருமி இல்லை. வந்துபோன அடையாளமும் இல்லை. சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே, இவள் தப்பித்துவிட்டாள், நீங்கள் இல்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் எனக்கு மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டு அவளுக்கு முதல் ஊசியை எடுத்தார். அவளுக்கு ஊசி என்றால் பயமாம். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உங்கள் கையையும் இப்படித்தான் பிடித்தாளா என்று யோசித்துக்கொண்டே, உதறாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டாவது ஊசிக்கும் கூட வருவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

வருவேங்க. அடுத்த மாதம் இரண்டாவது, பிறகு மூன்றாவது; இரண்டுக்கும் நானே கூட்டிக்கொண்டு போவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. காமாலை கண்ட ஆள் வீட்டில் யாரையாவது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பெயர் யாருடையது என்று கேட்காதீர்கள், முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். என் கேள்வியை நான் அங்கே வந்து உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பதிலை யோசித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே பொண்டாட்டி
எஸ்தர்