கள்ளிக்கு ஒரு மூடி தண்ணீர்

நாள் 203. காலை 7.10
செவ்வாய் நிலையம், பசுமை அறை. வெளியே மைனஸ் 61. உள்ளே 24. சப்பாத்திக்கள்ளி: பெரிய தொட்டி ஒன்று, மடல்கள் நாற்பத்தொன்று. உச்சியில் இரண்டு மொட்டு. மண் காய்ந்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் விடவில்லை.
எழுதுவது: முத்துப்பேச்சி, தாவரப் பிரிவு.
அம்மாவின் குரல்பதிவு வந்தது. “ஏட்டி, கள்ளி வளக்கவா ஒன்னய ராக்கெட்டுல ஏத்துனாவ? இங்க வேலியெல்லாம் அதுதான் கெடக்கு. ஒங்கப்பா வெட்டி வெட்டிப் போடுதாரு, அது பாட்டுக்கு மொளைக்கி. சாப்பிட்டியா?”

நாள் 205. மாலை 4.40
புழுதிப் புயல் நெருங்குகிறது. சூரியத் தகடுகள் மூடிவிட்டால் ஐந்து பேருக்கு மின்சாரம் போதாது. ஒருவருக்குப் போதும். நான்கு பேர் மேலே சுற்றுக்கலத்துக்குப் போவதாகவும், ஒருவர் இருந்து நிலையத்தைப் பார்த்துக்கொள்வதாகவும் முடிவு. யார் இருப்பது என்று தலைவர் ஜெயசீலன் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் செடியைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாள் 206. காலை 9.25
ஏறுகலம் கிளம்பிவிட்டது. வானொலியில் தலைவர்: “மூணே வாரம்தாம்மா. பேச்சுத்துணைக்குத்தான் உன் கள்ளி இருக்கே. நீயும் பேச மாட்டே, அதுவும் பேசாது. நல்ல பொருத்தம்.” பின்னால் சிரிப்புச் சத்தம்.
தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.
இங்கே ஒரு வழக்கம் உண்டு. மேலே போகிறவர், தன் புட்டியில் மீந்த குடிநீரைக் கள்ளிக்கு ஊற்றிவிட்டுப் போவார். ஊற்றினால் திரும்பி வருவார் என்று நம்பிக்கை. தண்ணீரை வீணாக்குவது விதிக்குப் புறம்பு என்பதால் யாரும் வெளியே சொல்வதில்லை. இதுவரை ஒருவர் ஒருவராகத்தான் போயிருக்கிறார்கள்.
கேட்டேன்.
தலைவர்: “ஒரு புட்டிதாம்மா ஊத்தினேன்.”
பெனாசிர்: “அய்யோ, நானும்.”
தனிஸ்லாஸ்: “சார் விஞ்ஞானியா, பூசாரியா? சரி சரி, நானும்தான்.”
மருத்துவர் திலகா என் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். அவரும் ஊற்றியிருக்கிறார்.
தொட்டிக்கு வடிகால் இல்லை. மாற்ற உலர்ந்த மண்ணும் இல்லை. துணியால் ஒற்றி எடுத்தேன். கொஞ்சம்தான் வந்தது.

நாள் 219. மதியம் 1.00
வெளியே பழுப்பு. பகல் தெரியவில்லை. மின்சாரத்தைக் குறைத்ததில் பசுமை அறை 9 டிகிரிக்கு இறங்கியது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் கள்ளிக்கு ஆகாது. அடித்தண்டு பழுப்பாகி விரல் உள்ளே போகிறது. நாற்றம்.
அறுத்தேன். அழுகல் ஏறாத மடல்கள் பதினெட்டு. சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்தேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட முடியும். இரண்டு வாரமாவது ஆகும்.

நாள் 222. காலை 8.15
நீர்ச் சுத்திகரிப்பியின் பம்பு நின்றது. மாற்றுப் பம்பு போட்டேன். அதுவும் நின்றது. பனி தோண்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டியில் இருப்பதுதான் இருப்பு.
புயல் நீள்கிறது என்று தலைவர் சொன்னார். “பம்பு போயிடுச்சா? தண்ணி இருக்கா பேச்சி?”
“போதும் சார்” என்றேன்.
பந்தியில் எங்கள் வீட்டார் இப்படித்தான். பரிமாறுகிறவர் அருகில் வந்ததும் கை தானாக இலைக்கு மேலே போகும். பசித்தாலும் போதும் என்போம். நாளை சரியான அளவைச் சொல்லிவிட வேண்டும்.

நாள் 223. காலை 8.15
வானொலி இல்லை. அலைவாங்கி சாய்ந்துவிட்டது. கவச உடை அணிந்து கதவு வரை போனேன். கை நீட்டினால் கை தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

நாள் 237. காலை
குடிநீர்த் தொட்டி காலி.
மடலைத் தோல் சீவி, துருவி, துணியில் கட்டிப் பிழிகிறேன். கொழகொழவென்று வருகிறது. புளிப்பு. ஒரு மடலுக்கு அரைத் தம்ளர் கூட இல்லை. பொடிமுள் நாக்கில் ஏறிவிட்டது. விரலில் ஏறினால் ஒட்டுநாடாவால் எடுக்கலாம். நாக்கில் ஒட்டுநாடா ஒட்டவில்லை.
வெட்டுவாய்கள் நன்றாகக் காய்ந்திருக்கின்றன. எல்லாமே நடத் தயார்.
அம்மாவின் பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். சாப்பிட்டியா என்கிறாள். சாப்பிட்டேன் என்றேன்.

நாள் 244
மடல் மூன்று. சிறுநீர் கறுத்துவிட்டது. தலைவலி இருந்தது. இப்போது இல்லை. பயமும் இல்லை. இல்லை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

நாள் 247. வெளிச்சம்
சாளரத்தில் வெளிச்சம். புழுதி இறங்குகிறது. வருவார்கள். இறங்குவதற்கு நான்கைந்து நாளாவது வேண்டும்.
மடல் ஒன்று. உள்ளங்கை அளவு. வெட்டுவாயில் வெள்ளையாக வேர் நுனி விட்டிருக்கிறது. யாரும் ஊற்றாமல் விட்டிருக்கிறது.
துருவியை எடுத்தேன். பிழிந்தால் ஒரு வாய். ஒரு வாயால் ஐந்து நாள் ஓடாது. கீழே வைத்துவிட்டேன். தொட்டி மண் இப்போது காய்ந்துவிட்டது. நட்டேன். உச்சியில் மொட்டு விட்டிருந்த மடல் இதுதானா என்று தெரியவில்லை.

நாள் 249
தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். எழுத வரவில்லை. சுருக்கமாக.
சார், கதவைத் திறந்ததும் எல்லோரும் புட்டியோடு ஓடி வருவீர்கள். வேண்டாம். நான் போதும் என்றது பொய். இது உண்மை.
செடிக்கு ஒரு மூடி தண்ணீர். ஒரே மூடி. பத்து நாள் கழித்து இன்னொன்று.
மூச்சு இருந்தால் எனக்கும் ஒரு மூடி. நிறைய வேண்டாம், மெதுவாக. திலகா மேடத்துக்குத் தெரியும்.
ஆளுக்கு ஆள் ஊற்றாதீர்கள். இந்தத் தடவை யாராவது ஒருத்தர் மட்டும்