ஒன்பதாம் பாடத்துக்கு ஒரு குரல்

கோவளம்,
12 நவம்பர் 2008

அன்புள்ள அம்முவுக்கு,

ஷபானா எழுதுவது. இங்கே நான், அத்தா, அம்மா எல்லோரும் நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரர் ஸ்ரீவத்ஸனும், உள்ளே இருக்கும் குட்டியும் நலம்தானே? மெயில் போட்டால் இரண்டே சொல்லில் பதில் போடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் நாலு பக்கம் எழுதினால் நீயும் வெட்கப்பட்டு ஒரு பக்கமாவது எழுதுவாய் என்று ஒரு நப்பாசை.

கவருக்குள் ஒரு சிடி இருக்கும். நம்முடைய ஒன்பதாம் பாடம். கம்ப்யூட்டர் திரையும், அதில் ஓடும் சிந்தசைசரின் ஒலியும் மட்டும்தான் இருக்கிறது. குரல் நீதான் போட வேண்டும். நம் பழைய முறைதான். அந்த சிந்தசைசர் ஓடும்போது சவுண்ட் கார்டை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு இடமே கொடுப்பதில்லை, இரண்டு வருஷமாகியும் அது திருந்தவில்லை. ஆகவே நான் மவுஸை ஓட்டிப் படம் பிடித்துவிட்டேன், நீ அதைப் பார்த்துக்கொண்டே பேசி அனுப்பு. படம்தான் பெரிசு, குரல் சின்ன ஃபைல், மெயிலிலேயே வந்துவிடும்.

எட்டாம் பாடத்துக்கு நானே பேசிப் பார்த்தேன், தெரியுமா? பக்கத்து ஐஸ் பாக்டரியில் கட்டி உடைக்கும் மெஷின் நிற்க வேண்டும், அதே நேரம் கரண்டும் இருக்க வேண்டும். இரண்டும் கூடி வந்த ஒரு மத்தியானத்தில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினேன். போட்டுக் கேட்டால் ரயில் அரை மணி தாமதம் என்று சொல்கிறவள் மாதிரி இருக்கிறது. அதையும் நெட்டில் ஏற்றினேன். முதல் கமெண்ட் நம் போலந்துக்காரரிடமிருந்து: “இன்னொரு சகோதரி எங்கே?” நம்மை அக்கா தங்கை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாமல், திரையை மட்டும் பார்த்து ஏழு பாடமும் கற்ற மனுஷன். நீ ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து “சரியா?” என்று கேட்பாயே, அதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதி, அது காதில் விழாமல் அடுத்ததற்குப் போக முடியவில்லை என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம்.

நீ “சரியா?” என்று கேட்கிற இடத்திலெல்லாம் நான் மவுஸ் அம்பை மேலும் கீழும் ஆட்டித் தலையசைப்பேன் இல்லையா? படம் முதலில், குரல் பிறகு என்பதால், எங்கே கேட்பாய் என்று நானே ஊகித்து முன்கூட்டியே ஆட்டிவிடுவேன். ஏழு பாடத்தில் ஒரு இடம்கூடத் தப்பியதில்லை. பழக்கதோஷம், இந்தப் பாடத்திலும் பதினோரு இடத்தில் ஆட்டியிருக்கிறேன். இப்போது போட்டுப் பார்த்தால், யாரும் எதுவும் கேட்காமலே அது பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை, சீக்கிரம் வந்து கேள்வியைப் போடு.

பாடம் என்னவென்று சொல்லவில்லையே. கடல் அலை. ரேடியோவில் ஸ்டேஷன் விட்டுப்போனால் ‘ஸ்ஸ்’ என்று இரையுமே, அந்த இரைச்சலை எடுத்து ஃபில்டரால் மெல்லத் திறந்து மூடினால் அலை வந்துவிடும் என்று நீதான் சொன்னாய். எத்தனை வினாடிக்கு ஒருமுறை திறந்து மூடுவது என்று சொல்லாமல் அமெரிக்கா போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நம் கரையில் உட்கார்ந்தேன். ஒன்பது, பதினொன்று, ஏழு, பதினாலு. ஒன்று போல ஒன்று வரவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ராஜேந்திரன் அண்ணன் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கடலுக்கே டைம் பாத்துகினு கீறியா? அது இன்னா பஸ்ஸா?” என்றார். கடைசியில் ஏழு வினாடிக்கு ஒன்று, பதினோரு வினாடிக்கு ஒன்று என இரண்டு சுற்றை ஒன்றின்மேல் ஒன்று ஓடவிட்டேன். இப்போது எந்த அலையும் இன்னொன்று போல இல்லை. அவருக்கே ஹெட்போன் மாட்டிக் காட்டினேன். “கடல் மாரிதான் கீது. ஆனா காத்து இல்லியே” என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கடலே இல்லாத ஊராகப் பார்த்து வாழ்க்கைப்பட்டிருக்கிறாய். ஏரியும் பனியில் உறைந்துவிடும் என்கிறாய். உன் குட்டி அலைச் சத்தமே கேட்காமல் வளர்ந்தால் நாளைக்கு நம் கரையில் இறக்கிவிட்டதும் அலறாதா? அதற்காகத்தான் இந்தப் பாடம். பிறந்ததும் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஓடவிடு. ஏழு மாதம் ஆனால் உள்ளிருந்தே காது கேட்குமாம், ஆகையால் நீ குரல் போடும்போது அதுவும் கேட்கும். தப்பாகச் சொல்லிக்கொடுக்காதே.

அத்தாவுக்கு நம் தொழில் இன்னும் விளங்கவில்லை. யாரோ எங்கிருந்தோ சேர்ந்து சிந்தசைசர் என்று கம்ப்யூட்டரில் வாசிக்கிற ஒரு இசைக்கருவியைச் செய்து, உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து காட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், திருத்திக்கொள் என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு நாங்கள் தமிழில் பாடம் எடுக்கிறோம் என்றேன். “அப்ப அது தண்ணிப் பந்தலு. நீங்க குவளை கழுவுறீங்க” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

சிறுசேரியில் என் ஆபீஸ் வேலை எப்போதும்போல. உன் அப்பா உப்பிலி மாமாவைத் திருவிடந்தை சன்னதி வாசலில் பார்த்ததாக அம்மா சொன்னாள். கார்த்திகை பிறக்கப் போகிறது, கல்யாணம் கூடி வர மாலை போட்டுச் சுற்றுகிற கூட்டம் நிற்கவே இல்லையாம். உன் அம்மா ரமா மாமி, ஜனவரியில் பிரசவத்துக்கு வர விசா கைக்கு வருமுன்பே பெட்டி கட்டுகிறாள். குட்டிக்கு என் முத்தம்.

உன்,
ஷபானா


கோவளம்,
7 டிசம்பர் 2008

அம்மு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கமாட்டேன்.

நேற்று திருவிடந்தைக்குப் போனேன். அம்மா ஒரு கம்பளித் தொப்பி பின்னியிருந்தாள், மாமியின் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். மாமி அதைக் கையில் வாங்கவில்லை. “குழந்தை தங்கலைடி ஷபானா. பதினேழாம் தேதியே ஆயிடுத்து. உன்கிட்ட சொல்லணும்னு நினைக்கிறேன், வாயே வரமாட்டேங்கறது” என்றாள். தொப்பியை என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து நாளை எண்ணினேன். நான் கடிதம் போட்டது பன்னிரண்டாம் தேதி. அது உன் கைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாளாவது ஆகியிருக்கும். தொட்டில் என்று எழுதினேன். காது கேட்கும் என்று எழுதினேன். முத்தம் வேறு. அதை நீ பிரித்துப் படித்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சிடியையும் உடைத்துவிடு. பாடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

இரண்டு தடவை போன் செய்தேன். “ம்” என்றாய். “வச்சுடட்டுமா” என்றாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை, அப்படி நினைத்துவிடாதே. ஆனால் பயமாக இருக்கிறது. நாலு வருஷம் திருவிடந்தையில் பஸ் ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்து, கேளம்பாக்கத்தில் காலேஜ் வாசலில் இறங்கும்வரை வாயை மூடாதவள் நீ. கண்டக்டரே ஒருநாள், “பாப்பா, கொஞ்சம் மூச்சு வுட்டுக்கோ” என்று சொல்லவில்லையா? அந்த அம்மு “ம்” என்றால் நான் என்ன செய்வேன்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அம்மா ஐந்து வேளையும் உன் பேரைச் சொல்லித் துஆ கேட்கிறாள். உப்பிலி மாமா சன்னதியில் கைங்கரியம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறாராம், மாமி சொன்னாள்.

ஷபானா


கோவளம்,
18 ஜனவரி 2009

அன்புள்ள அம்முவுக்கு,

இந்தக் கடிதத்தையும் இன்னொரு சிடியையும் மாமி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். விசா கிடைத்த அன்றைக்கே மாமா டிக்கெட் போட்டுவிட்டார். வடாம், சாத்துமதுப் பொடி, நார்த்தங்காய் என்று பெட்டி மூடவில்லை. நான் மேலே உட்கார்ந்த பிறகுதான் மூடியது. மாமிக்குக் குளிர் பழக்கமில்லை, வந்ததும் காலுக்குச் சாக்ஸ் போடச் சொல். அவளாகப் போடமாட்டாள்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை ஆபீஸ் கேண்டீனில் தட்டோடு நிற்கும்போது உன் வீட்டுக்காரர் போன் செய்தார். எடுத்ததுமே, “அம்முவுக்கு என்ன?” என்றேன். “பயப்படாதீங்கோ, ஒண்ணும் இல்லை. உங்களை ஒண்ணு கேக்கணும்” என்றார். நீ அவரிடமும் பேசுவதில்லையாம். வேண்டும், வேண்டாம், இரண்டே வார்த்தையாம். டாக்டரிடமும் அப்படித்தானாம். அவர் குறை சொல்லவில்லை, அம்மு. குரலைக் கேட்டால் அவரும் எங்கேயோ ஓரமாக நின்றுகொண்டிருக்கிற மாதிரிதான் இருந்தது. அவருக்கும் அது பிள்ளைதானே.

என் முதல் கடிதத்தை நீ கிழிக்கவில்லை என்றும் சொன்னார். தினமும் அந்தச் சிடியைப் போட்டுப் பார்க்கிறாயாம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்தாம். ஒருநாள் அவரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நடுநடுவே இந்த அம்பு ஏன் மேலும் கீழும் ஆடுகிறது என்று கேட்டாராம். வெகு நாளைக்குப் பிறகு நீ ஒரு முழு வாக்கியம் பேசினாயாம். “அது ஷபானா தலையாட்டறா” என்று. அதற்கு அர்த்தம் கேட்கத்தான் எனக்குப் போன் செய்தார். நான் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். ஒழுங்காகப் பதில்கூடச் சொல்லவில்லை. நீயே அவருக்குச் சொல்.

அதனால் மறுபடி உட்கார்ந்தேன். புதிய சிடியில் இருப்பதும் அதே ஒன்பதாம் பாடம்தான். ராஜேந்திரன் அண்ணன் சொன்ன காற்றைச் சேர்த்திருக்கிறேன். அதே இரைச்சலை இன்னும் மெலிதாக, மேலே. இப்போது ஹெட்போன் மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார், கழற்றவே இல்லை. உன் பெயரைச் சொல்லி, அந்தப் பொண்ணுக்கு அனுப்புகிறேன் என்றேன். “நம்ம கோயிலாண்ட வூட்டுப் பொண்ணுதானே? கரைக்கு ஒரு தபா இட்டுகினு வாம்மா” என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

பாடம் பதினான்கு நிமிடத்தில் முடிகிறது. அதன் பிறகும் படம் ஓடும், நிறுத்திவிடாதே. ஒரு நிமிடத்துக்கு அலை மட்டும் இருக்கும். அம்பு திரையின் நடுவில் அசையாமல் நிற்கும். அங்கே சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, அம்மு. அது உனக்காக விட்ட இடம். அங்கே நீ என்ன வேண்டுமானாலும் பேசு. அந்தப் பதினேழாம் தேதியைச் சொல். குட்டிக்குப் பெயர் ஏதாவது நினைத்து வைத்திருந்தால் அதைச் சொல். அப்படி ஒரு கடிதம் எழுதினேனே, அதற்கு என்னைத் திட்டு. அழுதாலும் பரவாயில்லை, மைக்கை மட்டும் மூடாதே. அந்த நிமிடத்தை நான் வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்வேன், உலகத்தில் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

பாடத்துக்குக் குரல் இல்லை என்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. பாடம் கிடக்கட்டும். போலந்துக்காரர் எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கட்டும். எனக்கு உன் குரல் வேண்டும். நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நிமிடம் போதாதென்றால் பேசிக்கொண்டே போ, படத்தை நான் நீட்டிக்கொள்கிறேன். இன்று முடியாவிட்டால் அடுத்த மாதம் பேசு. அடுத்த வருஷம் பேசினாலும் சரி. அந்த நிமிடத்தின் கடைசியில் அம்பு மெல்ல மேலும் கீழும் அசையும், பார். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் தலையாட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்,
ஷபானா