ஐந்து தொட்டிகளும் ஒரு முக்காலியும்

ஐந்து குப்பைத் தொட்டிகளின் பேரரசிக்கு,

உளியால் உலகாளும் உன் தாய்மாமன் எழுதுவது. விமானம் இறங்கி, பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் பத்து நாளில் நான் கற்ற குப்பை சாஸ்திரத்துக்கு டாக்டர் பட்டமே தரலாம். "மாமா, டப்பா இங்க, மூடி அங்க. கழுவிட்டுப் போடுங்க!" என்று நீ போட்ட அதட்டலில் பக்கத்து வீட்டுப் பூனைகூட முகம் கழுவிக்கொண்டது. நானோ வாழைப்பழத் தோலை ஜன்னல் வழியே வீசுகிறவன்.

கடைசி நாள் மரக்குப்பைக்கான தொட்டியைத் திறந்தேன். உன் கல்யாணத்துக்கு நான் செய்து கொடுத்த முக்காலி உள்ளே இருந்தது. பலகை தனி, மூன்று கால்களும் தனி. பன்னிரண்டு திருகாணிகளும் இரும்புக்கான தொட்டியில். என் வேலையை இவ்வளவு மரியாதையாக எவரும் பிரித்ததில்லை!

"உடைஞ்சிருச்சாம்மா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் இருந்துச்சு. புது சோபாவுக்கு கலர் ஒத்து வரல."

இருபது வருஷமாக நான் ஒரே நாற்காலியில்தான் உட்கார்கிறேன். நீ மூடியைக்கூடக் கழுவுகிறாய். சோபாவை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாய். நம்மில் யார் யாரைத் திட்டுவது? முப்பதாயிரம் அடி உயரத்தில் பறந்தபோதும் விளங்கவில்லை.

கோபமெல்லாம் இல்லை. விமானத்தில் கொஞ்சம் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முக்காலி செய்யத் தொடங்கிவிட்டேன். இதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது; மரத்தை மரமே கவ்விப் பிடிக்கும். யானைப்படை வந்து இழுத்தாலும் பிரியாது. உன் அடுத்த சோபா என்ன நிறம் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

இப்படிக்கு,
வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே திருதிருவென விழித்து நிற்கும்
உன் மாமன்