நாலு முகப் பகடை

நேற்று அலமாரியின் மேல்தட்டில் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டை கிடைக்கவில்லை. பழைய கைப்பை ஒன்றை இழுத்தபோது உள்ளேயிருந்து என்னவோ நழுவி 'ணங்' என்று தரையில் விழுந்தது. பித்தளைச் சத்தம். பார்க்காமலே தெரிந்துவிட்டது எனக்கு. விரல் நீளத்தில், நாலு பக்கமும் பட்டையாக, ஒரே ஒரு தாயக்கட்டை. புள்ளியே இல்லாத பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது.

"என்ன உடைஞ்சது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் உடையலை" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னை நினைத்தால் இன்னும் அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அது உன் தப்புதான், என் தப்பில்லை.

செங்கல்பட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? தபால் வழியில் கணக்குப் பட்டம் படித்த நாற்பது பேரில், நிகழ்தகவுத் தாளில் இரண்டு முறை தோற்றவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதனாலேயே கடைசி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தோம். நான் திருக்கழுக்குன்றத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். நீ கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம், மாமல்லபுரத்தில் ஒரு பள்ளியில் வேலை. பதினான்கு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ'னா 'ஆ'வன்னா போட்ட கை எனக்கு. ஒரு நாளாவது ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சராக நிற்க வேண்டும், அதுதான் என் ஆசை. அந்தப் படிப்புக்கோ ஒரு கெடு இருந்தது. அந்த முறையும் அந்தத் தாள் போனால் அதுவரை எழுதித் தேறிய தாள்கள் அத்தனையும் போயிற்று.

என் கோபம் உனக்குத் தெரியும். நாணயக் கணக்கிலேயே நான் சண்டையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாணயத்தைச் சுண்டினால் கூறுவெளியில் நாலு விளைவு என்று எழுதிப் போட்டார் வகுப்பு எடுத்தவர். தலை-பூ ஒன்று, பூ-தலை இன்னொன்று. "ரெண்டும் ஒண்ணுதானே சார், எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்?" என்று எழுந்து நின்று கேட்டேன். அவர் மறுபடியும் அதையே எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் ஒன்றும் அஞ்சு ரூபாய் ஒன்றும் எடுத்து பெஞ்சில் வைத்தாய். "தலை வுழுந்தது உங்களுக்கு, பூ வுழுந்தது எனுக்குன்னு வச்சிக்கலாம். ஒரு ரூபா தலை, அஞ்சு ரூபா பூ. ரெண்டும் ஒண்ணுதானா டீச்சர்? சொல்லுங்க, அஞ்சு ரூபாய எட்த்துக்கினு போயிடறேன்."

கடைசி பெஞ்சிலிருந்து வந்த என் சிரிப்புக்கு இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். நல்லதாகப் போயிற்று. படிப்பே அதற்கப்புறம்தான் தொடங்கியது.

சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் நான் பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்துவிடுவேன். கடற்கரைக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பு நிழலில் துண்டை விரித்து உட்காருவோம். நாணயத்தைச் சுண்டுவோம், ஒரு தடவை அது தலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் மணலில் குத்திக்கொண்டு நின்றது. "இத்த எந்தக் கட்டத்துல எழுதறது டீச்சர்?" என்று நீ நோட்டும் கையுமாக முழித்தாய். பகடை வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம், வாங்கவேயில்லை. கடைசியில் நீ வீட்டுத் தாயக்கட்டையைக் கொண்டு வந்தாய். வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. கட்டைக்கு நாலு முகம். இரண்டு கட்டைக்குப் பதினாறு விளைவு. பதினாறையும் மணலில் கட்டம் கட்டி விரலால் எழுதினோம். தாயம் விழ ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் வேண்டும். பதினாறில் இரண்டு இடம்தான் அதற்கு. எட்டில் ஒன்று. அதுவரை எனக்குப் புரிந்தது. நிபந்தனை வந்ததும் மூளை பூட்டிக்கொண்டது. 'A நிகழ்ந்தது எனில் B நிகழ்வதற்கான' என்று படிக்கத் தொடங்கினாலே நோட்டை மூடிவிடுவேன்.

அந்தப் பூட்டைத் திறந்தது யார்? ஒரு போலீஸ்காரர்! இப்போது என் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

"இன்னாம்மா இது, பட்டப்பகல்ல பீச்சுல குந்திக்கினு சூதாட்டமா?" என்று தலைக்கு மேல் குரல் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் தெருவில் தெரிந்தால் என்ன ஆகும்! நீ அசரவில்லை.

"நாங்க டீச்சருங்க சார். பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறோம்."

"தாயக்கட்டை வச்சா?"

"குந்துங்க சார், உங்களுக்கும் சொல்லித் தர்றேன்."

அவர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீ இரண்டு கட்டையையும் உருட்டி டிபன் பாக்ஸ் மூடியால் மறைத்தாய். மூடியை ஓரமாகத் தூக்கி இடது கட்டையை மட்டும் காட்டினாய். வெறும் பக்கம். "இது வெறும். உள்ள தாயம் வுழுந்துகீதா? எத்தினில எத்தினி?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணுல ஒண்ணு வுழணும். அதுக்கு நாலு பக்கம். நாலுல ஒண்ணு."

"எட்டுல ஒண்ணுன்னு சொன்னாங்களே இந்த டீச்சர்?"

"அது பாக்காத முன்னாடிம்மா. இப்பதான் பாத்துட்டமே!"

மணலில் எழுதியிருந்த பதினாறு கட்டத்தில் பன்னிரண்டை என் கையாலேயே அழித்தேன். நாலு நின்றது. அந்த நாலுக்குள் தாயம் ஒன்று. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தானா இரண்டு தடவை தோற்றேன்! "தெரிஞ்சது தெரிஞ்சி போச்சி. வரமுடியாதத அழிச்சிட்டு மிச்சத்துல எண்ணணும்" என்று நீ சொன்னதை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்தேன். போலீஸ்காரர் போகும்போது, "பாஸ் பண்ணுங்கம்மா" என்று ஆசீர்வாதம் மாதிரி கையைத் தூக்கினார்.

பரீட்சையில் நான் பண்ணிய காரியம் இருக்கிறதே! கேள்வி அப்படியே நமக்காகவே வந்தது. இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன. (அ) கூடுதல் நாலாக இருக்க நிகழ்தகவு என்ன? (ஆ) கூடுதல் நாலு எனில், ஏதேனும் ஒன்றில் 1 விழுந்திருக்க நிகழ்தகவு என்ன? ஆகா என்று எழுதித் தள்ளினேன். கட்டம் கூடப் போட்டேன், அழகாக, ஸ்கேல் வைத்து.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நீ கேட்டாய், "மொத்தம் எத்தினி போட்டீங்க டீச்சர்?"

"பதினாறு" என்றேன், பெருமையாக.

நீ டீயை வாய்க்குக் கொண்டு போனவள் அப்படியே நின்றாய். "பகடைக்கு எத்தினி முகம்?"

ஆறு. அட கடவுளே, ஆறு! ஆறாறு முப்பத்தாறு! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மாசக்கணக்காகத் தாயக்கட்டையை உருட்டி உருட்டி, என் மனசில் பகடைக்கு நாலே முகம் ஆகிவிட்டது. நீ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாம் உங்களாலதான்! யாரு உங்களைத் தாயக்கட்டையைக் கொண்டாரச் சொன்னது?" என்று நடுக்கடையில் கத்தினேன். கத்திவிட்டு ஓவென்று அழுதேன். அத்தனை வருஷம், அத்தனை தாள், ஒன்பதாம் வகுப்பு, எல்லாம் போயிற்று என்று அழுதேன்.

நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். என் கேள்வித்தாளைப் பிடுங்கி அதன் முதுகில் என்னவோ எழுதினாய், அடித்தாய், மறுபடி எழுதினாய். திடீரென்று என் தோளில் ஓங்கி ஓர் அடி.

"ஏய்! ரெண்டாவது சரிடி!"

அதுவரை நீ என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. பள்ளிக்கூட வழக்கப்படி டீச்சர், நீங்க, வாங்க, போங்க என்றே ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடியோடு எல்லாம் போயிற்று.

"பாரு. கூட்டுனா நாலு. ஒண்ணு மூணு, ரெண்டு ரெண்டு, மூணு ஒண்ணு. பகடையிலயும் அதே மூணு, கட்டையிலயும் அதே மூணு. நாலுன்னு தெரிஞ்ச பொறவு வெளிய பதினாறு இருந்தா இன்னா, முப்பத்தாறு இருந்தா இன்னா? உள்ள நிக்கிறது மூணே பேரு. அதுல ரெண்டு பேர்கிட்ட ஒண்ணு கீது. மூணுல ரெண்டு. நீ இன்னா எழுதன?"

"மூணுல ரெண்டு" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்ப எதுக்குடி அழுவுற? டீயைக் குடி, ஆறுது."

அந்த (ஆ) பிரிவுக்கு மூன்று மதிப்பெண். நான் தேறியது, வேண்டியதைவிட இரண்டே இரண்டு கூட வாங்கி. தப்பான பகடையைப் போட்டு எழுதிய சரியான விடைதான் என்னைக் கரையேற்றியது. முடிவு வந்த அன்று நீ லட்டுப் பொட்டலத்தோடு என் பள்ளிக்கே வந்து நின்றாய். கட்டையில் ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினாய். "ஒண்ணு உன்னாண்ட, ஒண்ணு என்னாண்ட. வெளையாடணும்னா ரெண்டு பேரும் வந்துதான் ஆவணும்."

விளையாடினோம். வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல். நூறில் இத்தனை பேர்தான் பிழைப்பார்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தேன். "அவுரு எல்லாருக்கும் சேத்து சொல்றாரு. இன்னிக்கி ரெண்டு இட்லி துன்னவளுக்கு இன்னா கணக்குன்னு கேளு" என்று நீ என்னைக் கிண்டல் செய்தாய். அன்றைக்கு நீதான் ஜெயித்தாய். பொங்கல் லீவுக்குள் போய்விட்டாய். உன் கட்டை உன் மகளிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது எனக்கு ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு இரண்டும். நிகழ்தகவுப் பாடத்தை முதலில் என் பதினாறிலிருந்துதான் தொடங்குகிறேன். டீச்சரே தப்பாக எழுதினார் என்றால் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

நேற்று ஆதார் அட்டையை மறந்துவிட்டு, மேஜையைத் துடைத்து, என் கட்டையை உருட்டினேன். மூன்று விழுந்தது. மறுபடி மூன்று. அப்புறம் இரண்டு. கூட உருட்ட நீ இல்லை. உன்னுடையது வெறும் பக்கம் என்று தெரிந்துவிட்டது டீச்சர், அதில் சந்தேகமே இல்லை. அழித்துவிட்டு எண்ண வேண்டும் என்று நீ சொன்னதை உன் விஷயத்தில் மட்டும் நான் கேட்கப் போவதில்லை. உன் வெறும் பக்கத்தையும் பக்கத்திலேயே வைத்துத்தான் எண்ணினேன். அது இல்லாவிட்டால் எனக்கு ஒன்று விழுந்தாலும் அது வெறும் ஒன்றுதான்.

நாலாவது உருட்டலில் ஒன்று விழுந்தது. "தாயம்!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்தார்.