டிவியில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள்

அன்பு மகன் டெனிஷுக்கு,

கராமாவிலிருந்து அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவுக்கும் எனக்கும் சுகம்தான். உன் சுகத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே, ஆனால் நல்லா இருக்கேம்மா என்று நீ போனில் சொல்வதை இனி நான் நம்பப்போவதில்லை மக்களே. பேச ஆரம்பித்தாலே பிராக்டிஸ் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டியாவது முழுசும் படி.

வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்தால், அப்பா பக்கத்து ரூம் பன்னீர்செல்வம் அண்ணனையும் கூட்டி வைத்துக்கொண்டு உங்கள் சிட்னி சேனலில் அந்த ரக்பி லீக் பேச்சு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர் கோட்டு போட்டு உட்கார்ந்து ஆட்டங்களை அலசுவார்களே, அதுதான். கடைசியில் இந்த வாரக் கோமாளி என்று உன்னைக் காட்டினார்கள். பந்தோடு ஓடுகிறாய், இரண்டு பேர் வந்து மோதுகிறார்கள், விழுந்து எழுந்து நேரே போய் எதிரணி வரிசையில் நின்றுகொள்கிறாய். நாலு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், நம்ம பய டிவில வந்துட்டாம்லா என்று சொல்லி அண்ணனுக்கு டீ போடச் சொன்னார். விழுந்ததும் உன் வலது கை விறைத்து அப்படியே மேலே நின்றதே, அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் எமர்ஜென்சி வார்டில் நர்ஸாக நின்றவள், அது மண்டைக்குள் அடிபட்ட அடையாளம் என்று எனக்குத் தெரியாதா? போன் போட்டால் சும்மா தமாஷுக்குப் போய் நின்றேன் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம் என்கிறாய். போடா பைத்தியக்காரா.

உன்னைச் சொல்லி என்ன, பாவி நான்தானே பழக்கினேன். பிளஸ் டூ படிக்கையில் இங்கே கிரவுண்டில் இதே மாதிரி விழுந்து இரண்டு நாள் வாந்தி எடுத்தாய். ஆஸ்திரேலியா செலக்சன் போய்விடும் என்று நீ அழுதாய், நான் தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி, தலையில் அடியே பட்டதில்லை என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தேன். கல்ஃபுக்கு வருகிற நம்ம ஆட்கள் மெடிக்கலில் பாஸாக வேண்டும் என்று உள்ள வியாதியை மறைப்பார்களே, நானும் அந்தப் புத்தியில்தான் செய்தேன்.

இன்று காலையில் அந்த அடியையும் அந்தப் பொய்யையும் எழுதி உங்கள் கிளப் டாக்டருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் கான்ட்ராக்ட் போகலாம், என் வேலையும் போகலாம். நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்றும் தெரியும். பரவாயில்லை மக்களே, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இரு.

மாதா உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும். வெளிச்சம் கண்ணைக் கூசினால் லைட்டை அணைத்துவிட்டுப் படு, போனை நோண்டாதே.

உன்னைப் பெற்றவள்,
டெல்பின்