நீ தூங்கிய மத்தியானம்

அம்மா,

இன்று ஆபீஸ் மொட்டைமாடியில் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து மனையில் ஏதோ பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பியதும் அந்தப் பொடி வாசனை வந்தது. யோசிக்கவே இல்லை. ஒரு கை டப்பாவை மூடியது, இன்னொரு கை கர்சீப்பை மூக்கில் வைத்தது. எதிரே இருந்தவன் சிரித்தான். "என்ன மச்சி, கேஸ் லீக்கா?" அவனுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. உனக்கு எழுதுகிறேன்.

நமக்கு மலை என்றால் சயனைடு மேடுதான். சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைச் சுரங்க மில்லிலிருந்து கொட்டிக் கொட்டி வளர்த்த மேடு. காற்றுக்காலம் வந்தால் அந்தப் பொடி, சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில் சோற்றுப் பானை வரைக்கும் வரும். நீ ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுவாய், மூடி தேடுவாய், தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டே சமைப்பாய். அப்படியும் உன் நெஞ்சில் இழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து அறையில் படுத்திருந்தாலும் அந்த விசில் எனக்குக் கேட்கும்.

"மைன் மூடினதும் சாம்பியன் ரீப்ஸ் ஷிப்ட் சங்கு நின்னுபோச்சு. உங்கம்மா சங்குக்கு மட்டும் லீவே இல்ல" என்பார் அப்பா.

"நீங்க பீடிய நிறுத்துங்க, நான் சங்க நிறுத்தறேன்."

கோலார் டாக்டர் ஊரை மாற்றச் சொன்னார். நீ டாக்டரை மாற்றினாய்.

காற்றில் இருக்கும் தூசியை அளக்கிற கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருமுறை ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தேன். நம்பர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு இன்னாடா, ஜொரமா?" என்று கேட்டாய். அதற்கு மேல் ரீடிங்கைக் காட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. அதனால்தான் சிக்மகளூர் பயணம். கூடாரம், அடுப்பு, வாடகைக் கார் எல்லாம் நான் போட்ட திட்டம். சுத்தமான காற்றில் உன்னை உட்காரவைப்பது, வித்தியாசத்தை நீயே உணர்ந்ததும் 'என்னோடு பெங்களூருக்கு வந்துவிடு' என்று கேட்டு அன்றைக்கே முடித்துவிடுவது.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறியது. பனி மரங்களுக்கு நடுவே வந்து, போய், மறுபடி வந்தது. ஒரு திருப்பத்தில் மலை முழுசாகத் தெரிந்தபோது ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாய்: "இவ்ளோ மண்ண யாருங்க கொட்டினாங்க?"

"வெள்ளக்காரன்தான். நைட் ஷிப்டுல" என்றார் அப்பா.

தங்கச்சி முன் சீட்டில் புரண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "ரொம்ப நாளு கொட்டியிருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னாய்.

புல் சரிவில் கூடாரத்தை அடித்துவிட்டுப் புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போதுதான் கீழே பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பியது. புல் வரிசை வரிசையாகச் சாய்ந்துகொண்டே நம்மை நோக்கி வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உன் தலைப்பு மூக்குக்குப் போனது, அப்பாவின் துண்டு வாய்க்கு. தங்கச்சி துப்பட்டாவுக்குள் ஒளிந்தாள். நான் சோற்றின்மேல் கவிழ்ந்தேன். அப்படியே இருந்தோம். காற்று நம்மைத் தாண்டிப் போனது. ஈரப் புல் வாசனை, எங்கோ பெய்த மழை வாசனை. அவ்வளவுதான்.

முதலில் நீதான் தலைப்பை இறக்கினாய். மோவாய் வரை, பிறகு தோள் வரை. "இதுல ஒண்ணுமே இல்லியேடா" என்றாய், யாரோ உன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

சாப்பிட்டதும் கூடார வாசலில் சாய்ந்தாய். அப்பாவும் தங்கச்சியும் ஓடையைப் பார்க்கப் போனார்கள். நீ கண் திறந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். பனி இறங்கியது. முதலில் தூரத்து மரம் போனது, பிறகு கார், பிறகு புல்லின் ஓரம். ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. குனிந்து காது கொடுத்தேன். விசில் இல்லை. உன் வயிறு ஏறி இறங்கியது, சத்தமே இல்லாமல். நீ அப்படித் தூங்கி நான் கேட்டதே இல்லை.

அப்பா பேசிக்கொண்டே வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கேட்டியா?"

"இல்லப்பா."

"பின்ன இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் இட்டாந்த?"

"தூங்கட்டும்."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பனி விலகிய பிறகு எழுந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். "நீ இன்னா கேக்கப் போறன்னு தெரியும். நான் வரலடா."

"ஏம்மா?"

"உன் வூடு இன்னா மலையிலயா கீது? அங்க பஸ் பொகை. இங்கயாவது நான் இருமினா பக்கத்து வூட்டு ராஜம்மா வெந்நி எடுத்துனு ஓடியாரும். அங்க யாரு வருவா? நீ ஆபீஸ்ல இருப்ப."

மலைமேல் உட்கார்ந்துகொண்டு நம் லைன் வீட்டை 'இங்க' என்றாய். உன் வாதத்தில் பாதிக்கு என்னிடம் ரீடிங்கே இருந்தது. பெங்களூர் காற்றின் லட்சணம் எனக்குத் தெரியாதா? மீதிப் பாதிக்குக் கருவி கிடையாது.

"வருசத்துக்கு ஒரு தபா இந்த மலைக்கு இட்டாந்து தூங்க வை. போதும்" என்றாய்.

அடுத்த காற்றுக்காலம் நம்மை முந்திக்கொண்டது. உன் கடைசி இழுப்பு வந்த அன்றைக்கு வெந்நீரோடு ஓடி வந்தது ராஜம்மாதான். நான் பங்காருபேட்டை ரயிலில் வந்துகொண்டிருந்தேன்.

நான் இன்னும் அதே ஆள்தான், அம்மா. சிக்னலில் ஹார்ன் அடிப்பேன், மீட்டிங்கில் பாதியில் எழுந்துவிடுவேன். ஆனாலும் சில நேரம் எல்லாம் நின்றுவிடுகிறது. நீ தலைப்பைத் தோளில் நழுவவிட்டு, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாய். பனி கார் வரைக்கும் வந்துவிட்டது. கேட்க வேண்டியது என் வாயிலேயே இருக்கிறது. நான் உன்னை எழுப்பவில்லை.